பாவனை ஓட்டமும் பாரவண்டி ஓட்டமும்: பயிற்சிப் பெயர்வு குறித்த ஓர் ஆய்வு

1. ஆய்பொருள்

செக் நாட்டின் பிராகா நகரிலுள்ள எஸ்சிஎஸ் சாஃப்ட்வேர் நிறுவனம் 2012 அக்டோபரில் வெளியிட்ட 'யூரோ டிரக் சிமுலேட்டர் 2' என்னும் கணினி விளையாட்டைப் பல ஆண்டுகள் ஆடிய இளைஞர் ஒருவர், நாமக்கல் பக்கம் ஒரு லாரிப் பேட்டையில் முதன்முறையாக உண்மை லாரியின் ஸ்டியரிங்கைப் பிடித்தபோது நாம் உடனிருந்தோம். லோடு இல்லாத வெறும் வண்டி. பக்கத்து இருக்கையில் பழுத்த டிரைவர் ஒருவர். இளைஞர் இரண்டு கண்ணாடிகளையும் மாறி மாறிப் பார்த்து, நின்றுகொண்டிருந்த இரு லாரிகளுக்கு நடுவே வண்டியைப் பின்னெடுத்து நேராக நிறுத்தினார். "எங்க கண்ணு கத்துக்கிட்ட?" என்றார் டிரைவர். விடை சொல்லிக்கொண்டே வண்டியை முன்னெடுத்த இளைஞர் பேட்டை வாசலில் பிரேக்கை மிதித்தார். மூவரும் முன்கண்ணாடியில் போய் மோதாதது வேகம் குறைவாக இருந்ததால்தான். வெறும் வண்டியில் ஏர் பிரேக் அப்படித்தான் கடிக்கும்.

ஒரே ஆள், ஒரே வண்டி, ஐந்து நிமிட இடைவெளி. ஒரு திறன் திரையிலிருந்து பேட்டைக்கு வந்து சேர்ந்தது, மற்றொன்று வரவில்லை. எது வரும், எது வராது, ஏன் என்று வகுத்துக் காண்பதே இக்கட்டுரையின் பொருள். 'விளையாட்டை ஆடினால் லாரி ஓட்ட வருமா' என்று ஒட்டுமொத்தமாகக் கேட்பவருக்கு ஆம் என்றோ இல்லை என்றோ விடை கூற இயலாது.

2. வரையறைகள்

2.1. ஓட்டுநருக்குக் கிட்டும் காட்சி, ஒலி, கருவி ஆகியவற்றை வண்டியில்லாமலே தோற்றுவித்து, அவர் செய்யும் செயலுக்கேற்ப அவற்றை மாற்றிக்காட்டுவதைப் 'பாவனை ஓட்டம்' என்போம். இது இருவகைப்படும். மேசைமேல் திரையும், பிளாஸ்டிக் ஸ்டியரிங்கும், கால்மிதிகளும் கொண்டு வீட்டில் ஆடுவது 'விளையாட்டுப் பாவனை'. லாரிக் கேபின் ஒன்றை அசையும் மேடைமேல் ஏற்றி, பயிற்றுநர் ஒருவர் அருகிருந்து நடத்துவது 'பயிற்சிப் பாவனை'. நம் ஆய்வு முதலாவதைப் பற்றியது.

2.2. ஓரிடத்தில் கற்றது மற்றோரிடத்தில் செயலாவதைப் 'பயிற்சிப் பெயர்வு' என்போம். கற்றது உதவினால் அது நேர்ப்பெயர்வு. உதவவும் இல்லை, கெடுக்கவும் இல்லை என்றால் சுழிப்பெயர்வு. கற்றதே இடையூறாக நின்றால் எதிர்ப்பெயர்வு.

2.3. பாவனை மெய்யை ஒத்திருக்கும் அளவை 'மெய்ம்மை' என்போம். பொத்தான், பலகை, கண்ணாடி முதலியன உண்மை வண்டியைப் போலவே தோன்றுவது உருமெய்ம்மை. ஓட்டுநர் மனத்தளவில் எடுக்க வேண்டிய முடிவுகள் உண்மைச் சாலையில் எடுப்பனவாகவே இருப்பது செயல்மெய்ம்மை. விளையாட்டுகளை விற்போர் பெரிதும் பேசுவது முதலாவதை. கற்பவருக்குப் பயன்படுவது இரண்டாவது. ஸ்கானியா லாரிக் கேபினின் தையல் இழை வரை திரையில் தெரிகிறது என்பதற்காக ஒருவர் அதிகம் கற்றுவிடப் போவதில்லை.

3. ஓட்டுதலின் அடுக்குகள்

டச்சு உளவியலாளர் ஜான் மிஷோன் 1985-இல் ஓட்டுதலை மூன்று அடுக்காகப் பிரித்தார். எந்த வழியில், எப்போது, எவ்வளவு லோடோடு போவது என்பது மேலடுக்கு; நாம் இதைத் திட்ட அடுக்கு என்கிறோம். முந்துவதா பொறுப்பதா, வளைவுக்கு எங்கே வேகம் குறைப்பது என்பது நடுவடுக்கு, உத்தி அடுக்கு. கையும் காலும் நொடிக்கு நொடி செய்யும் திருத்தங்கள் கீழடுக்கு, இயக்க அடுக்கு.

மேலடுக்கின் முடிவுகளுக்கு நிமிடங்களும் மணிகளும் உண்டு. நடுவடுக்குக்குச் சில நொடிகள். கீழடுக்கு யோசிப்பதற்கே இடம் தராது. அங்கே உடம்புக்குத் தெரிந்திருந்தால் உண்டு, இல்லையென்றால் இல்லை. நம் இளைஞர் வாசலில் தவறியது இந்தக் கீழடுக்கில். எனினும் விளையாட்டு கீழடுக்கில் மட்டுமே தோற்கிறது என்று அவசரப்பட்டு முடிவுகட்ட வேண்டாம். மேலடுக்கில் அதைவிடப் பெரிய குறை இருப்பதைப் பின்னே காண்போம்.

4. பெயர்வின் காரணம்

உளவியலாளர்கள் எட்வர்ட் தார்ன்டைக்கும் ராபர்ட் வுட்வொர்த்தும் 1901-இல் முன்வைத்த கொள்கை இன்றும் நமக்குத் துணை. கற்ற இடத்துக்கும் செயல்படும் இடத்துக்கும் பொதுவான கூறுகள் எத்தனையோ, அத்தனைக்கே பெயர்வு உண்டு என்பது அதன் சாரம். மனம் என்னும் கத்தியை எதில் தீட்டினாலும் எல்லாவற்றையும் வெட்டும் என்ற பழைய நம்பிக்கையை அது தள்ளிற்று.

இக்கொள்கைக்கு விமானப் பயிற்சி நல்ல சான்று. எட்வின் லிங்க் 1929-இல் ஒரு பாவனை விமானத்தை உருவாக்கினார். சில ஆண்டுகள் அது கண்காட்சிகளில் சவாரிப் பொருளாகவே கிடந்தது. 1934-இல் அமெரிக்க ராணுவ விமானப் பிரிவு தபால் சுமக்கும் பணியை ஏற்று, மோசமான வானிலையில் பல விமானிகளை இழந்த பிறகே அக்கருவிகளில் ஆறை வாங்கியது. அது வெற்றி பெற்றதன் காரணம் கவனத்துக்குரியது. மேகத்துக்குள் பறக்கும் விமானிக்கு வெளியே பார்க்க ஒன்றுமில்லை. முன்னிருக்கும் முட்களே உலகம். உடம்பு சொல்வதை நம்பினால் விமானம் விழும். ஆகவே முட்களை மட்டும் காட்டிய லிங்க் கருவியில் மெய்க்கும் பாவனைக்கும் கூறுகள் பெரிதும் பொதுவாயின.

லாரி இதற்கு நேர்மாறு. உடம்பு சொல்வதைக் கேட்காமல் லாரி ஓட்ட இயலாது. இருக்கையின் அடியில் வரும் அதிர்வு, பின்னாலிருந்து லோடு தள்ளுவது, வளைவில் வண்டி சாய்வது ஆகியவை டிரைவருக்குச் செய்தி. 'விமானிகளே பாவனையில் கற்கிறார்களே' என்ற வாதத்தை அப்படியே லாரிக்குக் கொண்டுவருவோர் இந்த வேறுபாட்டைக் காண்பதில்லை.

இன்னொரு வாதமும் அடிக்கடி கேட்கிறோம். நிசானும் பிளேஸ்டேஷனும் சேர்ந்து நடத்திய ஜிடி அகாடமி போட்டியில் 'கிரான் டூரிஸ்மோ' என்னும் பந்தய விளையாட்டை ஆடி வென்ற லூகாஸ் ஓர்டோனியெஸும், 2011-இல் வென்ற ஜான் மார்டன்பரோவும் உண்மைப் பந்தயங்களில் ஓட்டினார்களே என்பார்கள். உண்மைதான். ஆனால் அங்கே விளையாட்டு செய்தது பயிற்சியன்று, தேர்வு. திரளானவர்களில் கூர்மையான சிலரைச் சலித்தெடுத்தது. எடுத்தவர்களை உண்மைக் காரில் உட்கார வைத்துப் பயிற்றிய பிறகே பந்தயத்துக்கு அனுப்பினார்கள். சல்லடை அரிசியை விளைவிப்பதில்லை.

பெயர்வை அளக்கவும் வழியுண்டு. விமான உளவியலாளர் ஸ்டான்லி ரோஸ்கோ 1971-இல் தந்த விகிதம் எளியது: பாவனையில் செலவிட்ட நேரம் உண்மை வண்டியில் எவ்வளவு நேரத்தை மிச்சப்படுத்தியது? எடுத்துக்காட்டாக, ஒரு பாடத்துக்கு வண்டியில் 20 மணி தேவை என்றும், 10 மணி பாவனைக்குப் பின் 16 மணியே போதும் என்றும் கொள்வோம். மிச்சம் 4, விகிதம் 0.4. ரோஸ்கோ சுட்டிய முக்கியச் செய்தி வேறொன்று: பாவனையின் முதல் மணிகள் மிச்சப்படுத்துவதைப் பின்வரும் மணிகள் மிச்சப்படுத்துவதில்லை. ஆயிரம் மணி ஆடியவர் நூறு மணி ஆடியவரைப் போல் பத்து மடங்கு தயாராகிவிட்டார் என எண்ணலாகாது.

5. பெயர்வன

5.1. வடிவியல். டிரெய்லரைப் பின்னெடுப்பதில் உள்ளது முழுக்க வடிவியல். பின்னே போகும்போது இழுவண்டிக்கும் டிரெய்லருக்கும் இடையிலுள்ள மூட்டு தானாக நேராவதில்லை. சிறு கோணமும் பெருகிக்கொண்டே போய் இரண்டும் மடிந்துகொள்ளும். டிரெய்லரின் வால் இடப்பக்கம் போக வேண்டுமென்றால் முதலில் வலப்பக்கம் ஒடிக்க வேண்டும். கோணம் விழுந்ததும் எதிர்ப்பக்கம் ஒடித்துப் பின்தொடர வேண்டும். புதியவருக்கு இது கையெழுத்தைக் கண்ணாடியில் பார்த்து எழுதுவது போன்றது. கோணங்கள் திரையிலும் பேட்டையிலும் ஒன்றேயாதலால், தார்ன்டைக் சொன்ன பொதுக்கூறு இங்கே முழுமையாக உண்டு. இன்னொரு நன்மையும் சேர்கிறது. பேட்டையில் பத்துப்பேர் பார்க்க, பின்னால் ஒருவர் "வரலாம்... வரலாம்... ரைட்ல ஒடி... போதும்" என்று கத்த, மூன்றாவது முறையும் கோணலாக நிறுத்தியவருக்கு முகம் சிவக்கும். திரையில் முந்நூறு முறை தவறினாலும் பார்க்க ஆளில்லை. இவ்விளையாட்டு கடினமான பின்னெடுப்பைத் தேர்வோருக்குக் கூடுதல் புள்ளியும் தருகிறது. அதன் ஆகச் சிறந்த பாடம் இதுவே என்பது நம் கருத்து.

ஒரு சிறு குறிப்பு: இந்தியச் சாலைக்குப் பழகுவோர் விளையாட்டின் பிரிட்டன் பகுதியைத் தேர்ந்து, வலப்பக்க ஸ்டியரிங் கேபினில் ஓட்டிப் பழகுவது நன்று. ஐரோப்பாவின் பெருநிலப்பகுதியில் பழகினால் குருட்டுப் பக்கம் மாறிப் போகும்.

5.2. செயல்வரிசை. காற்று ஏறும்வரை காத்திருப்பது, பார்க்கிங் பிரேக்கை விடுவிப்பது, இறக்கத்துக்கு முன்பே கியரைக் குறைப்பது, எக்ஸாஸ்ட் பிரேக்கைப் போடுவது போன்ற வரிசைகள் நினைவில் நிற்பன. இவை பெயர்கின்றன.

5.3. இடர் காணல். நடுவடுக்குத் திறன்களில் ஒன்றைத் திரையில் சோதிக்கலாம் என்பதைப் பிரிட்டன் ஏற்றுக்கொண்டுவிட்டது. 2002 முதல் அங்கே எழுத்துத் தேர்வோடு இடர் காணல் தேர்வும் உண்டு. 2015 முதல் அதன் காட்சிகள் கணினியில் வரையப்பட்டவை. லாரித் தேர்வில் 19 காட்சிகள், 20 இடர்கள்; 100-க்கு 67 எடுக்க வேண்டும். விளையாட்டின் சாலைகளிலும் இந்தக் கண் ஓரளவு கூர்மையாகும். ஓரளவுதான், ஏனெனில் அங்கே ஓடும் கார்கள் பெரும்பாலும் தத்தம் தடத்தில் ஒழுங்காகப் போகின்றன. நம் பேருந்து நிலைய வாசலில் லாரி இடப்பக்கம் திரும்பும்போது, பின்சக்கரங்கள் முன்சக்கரங்களின் தடத்தைவிட உள்வாங்கி வெட்டும் அந்த இடைவெளியில்தான் ஒரு ஸ்கூட்டர் வந்து நிற்கும். அது எந்தத் தடத்தையும் சேர்ந்ததன்று.

6. பெயராதன

6.1. எடை. 27 அங்குலத் திரையை 65 செ.மீ. தொலைவில் வைத்துப் பார்த்தால் கண்ணில் நிரம்புவது ஏறத்தாழ 50 டிகிரி. பக்கப்பார்வை முழுவதும் வீட்டுச் சுவருக்குப் போய்விடுகிறது. வேகத்தை உணர்வதில் பக்கப்பார்வைக்குப் பெரும் பங்குண்டு. இதைக்கூட மூன்று திரை வைத்து ஈடுசெய்யலாம். காதின் உட்புறத்தில் முடுக்கத்தை உணரும் உறுப்புக்கு ஈடு செய்ய வீட்டில் எதுவுமில்லை. பிளாஸ்டிக் மிதி ஒரு சுருள்வில்லை அழுத்துகிறது. லாரியின் மிதி ஒரு காற்று வால்வைத் திறக்கிறது. பலர் வாங்கும் லாஜிடெக் ஸ்டியரிங் 900 டிகிரி, அதாவது இரண்டரைச் சுற்று திரும்பும். லாரி ஸ்டியரிங் அதைவிட மிகுதியாகச் சுற்றும். இவை சிறு குறைகளே. ஒரே மிதி வெறும் வண்டியில் ஒன்றும், லோடு வண்டியில் மற்றொன்றும் செய்வதைக் கால் அறிய வேண்டும் என்பதே பெரிய பாடம்.

6.2. காற்று. மிதித்ததற்கும் சக்கரம் பிடிப்பதற்கும் இடையே காற்று குழாயில் ஓட வேண்டியிருக்கிறது. இதைக் 'காற்றுத் தாமதம்' என்போம். அமெரிக்க வணிக ஓட்டுநர் கையேடுகளின் கணக்குப்படி மணிக்கு 55 மைல் வேகத்தில் இத்தாமதம் மட்டும் 32 அடியைக் கூட்டுகிறது. நம் அளவில் 88 கி.மீ. வேகத்துக்குப் பத்து மீட்டர். இரண்டு கார் நீளத்துக்கு மேல். காற்றழுத்தம் குறைவதைக் காட்டும் விருப்பத்தேர்வு நாம் எடுத்துக்கொண்ட விளையாட்டிலும் உண்டு. முயற்சியை நாம் குறைத்துக் கூறவில்லை. ஆனால் எண்ணாகத் தெரிவது வேறு, முன்னே போகும் டெம்போவின் பின்பலகை நெருங்கி வரும்போது அந்தப் பத்து மீட்டர் தெரிவது வேறு.

6.3. வெப்பம். இது தனித்துப் பேசத்தக்கது. 40 டன் வண்டி 100 மீட்டர் உயரம் இறங்கினால் ஏறத்தாழ 39 மெகாஜூல் ஆற்றல் எங்காவது போயாக வேண்டும். 30 டிகிரியிலுள்ள 130 லிட்டர் நீரைக் கொதிநிலைக்குக் கொண்டுவரும் வெப்பம் அது. எஞ்சினும் எக்ஸாஸ்ட் பிரேக்கும் பங்கு ஏற்காவிட்டால் அத்தனையும் பிரேக் டிரம்களில் இறங்கும். சூடேறிய லைனிங் பிடியை இழக்கும். தேசிய நெடுஞ்சாலை 44-இல் தருமபுரியிலிருந்து சேலம் நோக்கி இறங்கும் தொப்பூர்க் கணவாயில் லாரிகள் கட்டுப்பாடிழந்து மோதும் செய்திகளைப் படிக்காத தமிழ் வாசகர் இருக்க முடியாது. டீசலை மிச்சப்படுத்த நியூட்ரலில் இறங்குவது அங்கே நெடுங்காலமாகச் சொல்லப்படும் காரணங்களில் ஒன்று. நியூட்ரலில் விடும் டிரைவருக்கு இறக்கத்தில் குறைந்த கியர் வேண்டும் என்பது தெரியாதா? தெரியும். மிச்சமாகும் டீசலுக்கும் அவர் கைக்காசுக்கும் தொடர்பிருக்கும்போது தெரிந்தது பின்னுக்குப் போகிறது. இந்தத் தூண்டுதலை எந்தப் பாவனையும் உருவாக்குவதில்லை. லைனிங் தீயும் வாடையையும் எந்தத் திரையும் தருவதில்லை. அனுபவமுள்ள டிரைவருக்கு முதல் எச்சரிக்கை மூக்கில்தான் வரும்.

6.4. காலம். விளையாட்டின் நிலப்படம் 1:19 என்ற அளவில் சுருக்கப்பட்டது. நகரங்களுக்கு வெளியே காலமும் ஏறத்தாழ அதே அளவில் விரைகிறது. ஐரோப்பியச் சட்டப்படி நாலரை மணி ஓட்டினால் 45 நிமிட ஓய்வு கட்டாயம். அந்த நாலரை மணி விளையாட்டில் ஏறத்தாழ 14 நிமிடம். நாளொன்றுக்கு அனுமதிக்கப்பட்ட 9 மணி ஓட்டம் அரைமணிக்குள் முடிகிறது. களைப்பைக் காட்டக் கொட்டாவிச் சத்தம் வரும், திரை கறுத்துத் திறக்கும், பொத்தானை அழுத்தினால் தூங்கி எழுந்துவிடலாம். திட்ட அடுக்கின் பெருங்குறை என்று முன்னே நாம் சொன்னது இதுவே. நேரான சாலையில் அதிகாலை மூன்று மணிக்கு ஒன்றுமே நடக்காதிருப்பதுதான் லாரி ஓட்டத்தின் கடினமான வேலை. ஆடுபவர் சலிக்கக் கூடாது என்பதற்காக விளையாட்டு அந்தச் சலிப்பையே வெட்டி எறிந்துவிட்டது. விளையாட்டாக இருக்க வேண்டுமென்றால் அதற்கு வேறு வழியுமில்லை.

6.5. லோடு. ஐரோப்பிய நெறிப்படி சரக்கைக் கட்டும் கட்டு, முன்னோக்கி அதன் எடையில் 0.8 பங்கு விசையையும், பக்கவாட்டிலும் பின்னோக்கியும் 0.5 பங்கு விசையையும் தாங்க வேண்டும். பெரும்பாலான விளையாட்டுகளில் சுமை அசையாத ஒரே கட்டி. பாதி நிரம்பிய டேங்கரில் நீர்மம் முன்னும் பின்னும் அலையடித்து, நின்ற வண்டியைக்கூட ஒரு தள்ளுத் தள்ளும். தார்ப்பாய் கட்டுவதும், கயிறு இழுப்பதும், இரும்புக் கம்பியால் டயரைத் தட்டி ஒலியில் காற்றின் அளவை அறிவதும் விளையாட்டுக்கு வெளியே நிற்பவை. டயர்த் தட்டல் கேட்கும் காதுக்குத்தான். காற்றுள்ள டயரில் கம்பி துள்ளும், இறங்கிய டயரில் மந்தமாக விழும்.

7. எதிர்ப்பெயர்வு

எடை பெயராமற்போவது சுழிப்பெயர்வு. பயிற்றுநர் புதிதாகச் சொல்லித் தரலாம். கவலைக்குரியது விளைவின்மைப் பழக்கம். மோதினால் அபராதம் கழியும், பழுது பார்த்த வண்டி திரும்ப வரும். பந்தய விளையாட்டுகள் இடர் ஏற்கும் மனப்போக்கைக் கூட்டுகின்றன என்று பீட்டர் ஃபிஷரும் சக ஆய்வாளர்களும் 2007-இல் வெளியிட்ட ஆய்வு காட்டியது. லாரி விளையாட்டு பந்தயமன்று. அதை ஆடுவோரும் பொதுவாக நிதானக்காரர்கள். ஆகவே அம்முடிவை அப்படியே இங்கே ஏற்றிவிடுதல் நேர்மையன்று. நாம் அஞ்சுவது வேகத்தையன்று, 'எனக்கு வரும்' என்ற துணிவை. பின்னெடுப்பில் பாராட்டுப் பெற்ற இளைஞர், அந்தத் துணிவோடுதான் பிரேக்கை மிதித்தார்.

8. சட்டங்களின் கணக்கு

பாவனை ஓட்டம் உண்மை ஓட்டத்துக்கு எவ்வளவு ஈடாகும் என்ற கேள்விக்கு அரசுகள் வெவ்வேறு விடை தந்துள்ளன. ஐரோப்பிய ஒன்றியத்தின் 2003/59 நெறியாணை 280 மணித் தொடக்கப் பயிற்சியில் 20 மணி தனித்து ஓட்ட வேண்டும் என்று வகுத்தது. அதில் உயர்தரப் பாவனையிலோ தனிக்களத்திலோ கழிக்கத்தக்கது கூடிப்போனால் 8 மணி. அமெரிக்காவில் 2022 பிப்ரவரி 7 முதல் நடப்பிலுள்ள தொடக்கநிலைப் பயிற்சி விதிகள், ஸ்டியரிங் பிடித்துச் செய்யும் பயிற்சிக்குப் பாவனையை அறவே ஏற்பதில்லை. இந்தியாவில் 2021 ஜூலை 1 முதல் நடப்புக்கு வந்த அங்கீகார ஓட்டுநர் பயிற்சி மைய விதிகள் ஒவ்வொரு மையத்திலும் பாவனைக் கருவியும் தனி ஓட்டுதளமும் இருக்க வேண்டும் என்கின்றன. கனரகப் பாடம் ஆறு வாரத்தில் 38 மணி. மூன்றும் பேசுவது பயிற்சிப் பாவனையைப் பற்றி. வீட்டு மேசைக்கு எங்கும் ஒரு மணி நேரக் கணக்கும் இல்லை.

9. கிளீனர் இருக்கை

தமிழ்நாட்டு லாரித் தொழிலில் வழிவழியாக வந்த பயிற்சிமுறையை இங்கே ஒப்பிட்டாக வேண்டும். பையன் கிளீனராக வண்டி ஏறுவான். ஓரிரு ஆண்டு கயிறு கட்டுவான், டயர் தட்டுவான், பின்னால் நின்று சைகை சொல்வான், இரவெல்லாம் டிரைவர் தூங்கிவிடாமல் பேச்சுக் கொடுப்பான். இறக்கத்தில் டிரைவர் எப்போது எந்தக் கியருக்கு வருகிறார் என்பதை எஞ்சின் சத்தத்தில் கேட்டே அறிவான். மலைச்சாலை குறுகினால் ஏறி வரும் வண்டிக்கு இறங்கும் வண்டி நின்று வழிவிட வேண்டும் என்பதைத் திம்பத்தின் 27 கொண்டை ஊசி வளைவுகளில் கண்ணால் காண்பான். ஸ்டியரிங் மட்டும் கைக்கு வராது. ஆளில்லாத சாலையில், வெறும் வண்டியில், டிரைவர் மனம் வைத்த ஒரு நாள்தான் வரும்.

விளையாட்டில் இது தலைகீழ். ஸ்டியரிங் முதல் நிமிடத்திலேயே கைக்கு வருகிறது. மற்றவை வருவதே இல்லை. கிளீனர் இருக்கை எடை, வெப்பம், காலம், லோடு நான்கையும் உடம்பில் ஏற்றிவிட்டு, வடிவியலைக் கடைசியாகத் தந்தது. விளையாட்டு வடிவியலைத் தந்துவிட்டு நின்றுகொள்கிறது. ஆகவே இவற்றில் ஒன்று மற்றொன்றின் இடத்தை நிரப்பாது, சேர்த்து வைக்கத்தக்கவை. பழைய முறையை நாம் போற்றிப் பாடவும் இல்லை. சம்பளமென்று சொல்லத்தக்க ஒன்று இல்லாமல், அடியும் வசவும் வாங்கி, படிப்பை விட்ட பிள்ளைகளால் அது நடந்தது. இன்று அந்த இருக்கை பல வண்டிகளில் காலி. கிளீனர் இல்லாமல் டிரைவர் ஒருவரே போகிறார். அதோடு அந்த நான்கு பாடங்களும் போய்விட்டன.

இதனால் பயிற்சியின் வரிசையை நாம் இப்படி அமைப்போம். வீட்டு விளையாட்டில் முப்பது நாற்பது மணி. அதுவும் பின்னெடுப்பும் செயல்வரிசையும் மட்டும். அடுத்துப் பேட்டையில் வெறும் வண்டி. முதல் நாள் முழுக்கப் பிரேக் மிதிப்பது ஒன்றே வேலை. அதன்பின் அதே வண்டியில் லோடு ஏற்றி, அதே இடத்தில், அதே மிதி. பிறகு சில வாரம் ஸ்டியரிங்கைத் தொடாமல் பக்கத்து இருக்கையில் நெடுந்தூரப் பயணம். கம்பியும் கயிறும் கையில். தொப்பூர் இறக்கம் கடைசியில் வரும்: லோடு வண்டி, பகல் நேரம், மேட்டிலேயே நிறுத்திக் கியரை இறக்கிக்கொண்டு, பக்கத்தில் பழைய டிரைவர் ஒருவர் கியர் கம்பியை நியூட்ரலுக்குப் போகவிடாமல் கையால் பிடித்தபடி.